பல்வலி நின்றுவிட்டால் நிம்மதி அடையாதீர்கள்: பல் தொல்லைகளை அறிகுறி வைத்துக் கண்டுபிடிக்கும் வழிமுறை

பல்வலியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் கன்னத்தைத் தொட்டு "இங்கேதான் டாக்டர்" என்பார்கள். எந்தப் பல் என்று கேட்டால் தடுமாறுவார்கள். அது அவர்கள் தவறே இல்லை. பல்லுக்குள் இருக்கும் நரம்பு வலியை உணரும், ஆனால் இடத்தைச் சரியாகக் காட்டாது. மேல்பல்லில் கோளாறு இருக்க, கீழ்ப்பல் வலிப்பதாகச் சத்தியம் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் நான் வேறு மூன்று கேள்விகள் கேட்பேன். எது பட்டால் வலிக்கிறது? எவ்வளவு நேரம் நீடிக்கிறது? ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைத்தால், வாயைத் திறப்பதற்கு முன்பே பாதி தெரிந்துவிடும். அந்தக் கேள்விகளை நீங்களே உங்களிடம் கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இதைப் பாருங்கள்: காத்திருக்கக் கூடாதவை

கன்னமோ தாடைக்கு அடியோ வீங்கி, வீக்கம் கழுத்துப் பக்கம் இறங்குகிறதா? எச்சில் விழுங்க முடியவில்லையா? வாயை இரண்டு விரல் அளவுகூடத் திறக்க வரவில்லையா? நாக்கு மேலே தள்ளப்பட்டது போல இருக்கிறதா, குரல் மாறியிருக்கிறதா, கூடவே காய்ச்சலா? இதற்கு மேல் படிக்க வேண்டாம். மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். கீழ்க் கடைவாய்ப்பல்லின் வேரிலிருந்து சீழ் நாக்கின் அடிப்பகுதிக்குப் பரவினால் மூச்சுக்குழாயையே அடைத்துவிடும். மேல்பல்லின் வீக்கம் கண்வரை ஏறினாலும் அதே அவசரம்தான்.

இன்னொன்று. படி ஏறும்போது, வேகமாக நடக்கும்போது கீழ்த்தாடை வலித்து, நின்றதும் அடங்கினால், பல்லை விட்டு இதயத்தைப் பாருங்கள். நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் சேர்ந்துகொண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். மாரடைப்பின் வலி தாடையில் தெரிவதுண்டு.

குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்கிறது, உடனே அடங்கிவிடுகிறது

பல்லின் மேல் ஓடான எனாமலுக்கு உணர்ச்சி கிடையாது. அதற்கு அடியில் இருக்கும் டென்டினில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றுக்குள் திரவம் இருக்கிறது. எனாமல் தேய்ந்தோ, ஈறு கீழிறங்கியோ டென்டின் வெளியே தெரிந்தால், குளிர் பட்டதும் அந்தத் திரவம் அசையும். அந்த அசைவைத்தான் நரம்பு வலியாக உணர்கிறது. சில நொடிகளில் வலி அடங்குகிறதென்றால் நரம்பு நன்றாகவே இருக்கிறது என்று பொருள்.

கண்ணாடி முன் நின்று பாருங்கள். பல பற்கள் கூசுகின்றனவா, ஒன்று மட்டுமா? பல பற்கள் என்றால் பொதுவான பல் கூச்சம். ஈறை ஒட்டிய இடத்தில் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால், ப்ரஷ்ஷை அழுத்தித் தேய்க்கிறீர்கள். மென்மையான ப்ரஷ்ஷுக்கு மாறுங்கள். பொட்டாசியம் நைட்ரேட் அல்லது ஸ்டானஸ் ஃபுளோரைடு உள்ள பற்பசையைத் தினமும் இரண்டு வேளை பயன்படுத்துங்கள். இரண்டு முதல் நான்கு வாரம் விடாமல் தேய்த்தால்தான் பலன் தெரியும். நான்கு நாளில் "சரிப்படவில்லை" என்று விட்டுவிடுபவர்களே அதிகம். ஒரு மாதத்துக்குப் பிறகும் கூச்சம் இருந்தால், ஃபுளோரைடு வார்னிஷ் பூசலாம், பள்ளத்தைச் சிறிய ஃபில்லிங்கால் மூடலாம்.

மேல் முன்பற்களின் உட்புறம் தேய்ந்து மெலிந்திருந்தால், வயிற்று அமிலம் வாய்வரை வருகிறதா என்று யோசியுங்கள். அதற்குப் பொது மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாந்தி எடுத்தவுடனோ புளிப்பான பானம் குடித்தவுடனோ பல் தேய்க்காதீர்கள். அமிலத்தில் இளகிய எனாமல் ப்ரஷ் பட்டால் தேய்ந்துபோகும். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள்.

ஒரே ஒரு பல் மட்டும் கூசுகிறது, இனிப்பு பட்டாலும் தெறிக்கிறது என்றால் சொத்தையாக இருக்கலாம், பழைய ஃபில்லிங்கின் ஓரம் கசியலாம். இது அடைத்தால் முடிந்துவிடும் கட்டம். முன்பெல்லாம் ஃபில்லிங் பிடித்து நிற்பதற்காகவே நல்ல பல்லையும் சேர்த்துக் குடைய வேண்டியிருந்தது. எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பிசின் அதில் ஒட்டும் என்று மைக்கேல் புவோனோகோர் 1955இல் காட்டிய பிறகு அந்த நிலைமை மாறத் தொடங்கியது. இன்று பல் நிறத்தில் வைக்கும் ஃபில்லிங் அப்படி ஒட்டுவதுதான். ஆனால் ஒட்டும் நேரத்தில் எச்சில் பட்டால் பிடிப்பு கெட்டுவிடும். வாயில் பஞ்சு திணிப்பதும், ரப்பர் விரிப்பு மாட்டுவதும் அதற்காகவே. அந்தச் சில நிமிடங்கள் நீங்கள் அசையாமல் பொறுத்துக்கொள்வதில் ஃபில்லிங்கின் ஆயுள் பாதி இருக்கிறது.

சூடு பட்டால் வலி, பட்டபின்னும் விடுவதில்லை, ராத்திரி எழுப்புகிறது

இது வேறு கட்டம். குளிரோ சூடோ விலகிய பிறகும் அரை நிமிடத்துக்கு மேல் வலி விண்விண்ணென்று நீடித்தால், எதுவும் படாமலே வலி கிளம்பினால், நரம்பு மீள முடியாத அளவுக்கு அழற்சி அடைந்திருக்கிறது. உடம்பில் வேறு எங்கு அழற்சி வந்தாலும் வீங்குவதற்கு இடம் இருக்கும். பல்லுக்குள் நரம்பைச் சுற்றி நாலாபுறமும் கடினமான சுவர்தான். அழுத்தம் வெளியே போக வழியில்லை. படுத்தால் தலைக்கு ரத்த ஓட்டம் கூடி வலி இன்னும் ஏறும். இந்தக் கட்டத்தின் கடைசியில் குளிர்ந்த தண்ணீர்தான் ஆறுதல் தரும். கையில் தண்ணீர் பாட்டிலோடு, வாய் நிறைய வைத்துக்கொண்டே வருபவர்கள் உண்டு. பார்த்தவுடன் புரிந்துவிடும், பாவம், இரண்டு நாளாகத் தூங்கியிருக்க மாட்டார்கள்.

இதற்குச் சிகிச்சை பெரும்பாலும் இரண்டுதான்: வேர் சிகிச்சை, இல்லையென்றால் பல்லை எடுப்பது. மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். மடிந்துகொண்டிருக்கும் நரம்புக்குள் ரத்தமே ஒழுங்காகப் போவதில்லை, மாத்திரை எப்படிப் போகும்? வீக்கமும் காய்ச்சலும் இருந்து, மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும் ஆன்டிபயாடிக்.

மருத்துவரைப் பார்க்கும்வரை தாங்குவதற்கு, பெரியவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு இபுப்ரொஃபென் 400 மி.கி. எடுக்கலாம், அதோடு பாராசிட்டமால் சேர்க்கலாம். இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாக எடுப்பதைவிட நன்றாகக் கேட்கும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இபுப்ரொஃபென் தொடக் கூடாது. பாராசிட்டமால் எல்லாம் சேர்த்து ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. சளி மாத்திரைகளிலும் அது கலந்திருக்கும் என்பதை மறக்காதீர்கள். மாத்திரையைப் பொடித்து ஈறில் வைக்கவே வேண்டாம். ஆஸ்பிரின் வைத்து ஈறு வெந்து வெளுத்துப்போய் வந்தவர்களுக்கு, பல்வலியோடு புண்ணும் சேர்ந்துகொண்டது. கிராம்பு எண்ணெயை ஒரு சொட்டு பஞ்சில் தொட்டுச் சொத்தையில் வைத்தால் சற்று மரத்துப்போகும். அது சிகிச்சை ஆகாது. தலையணையை உயர்த்திப் படுங்கள்.

வேர் சிகிச்சையைப் பற்றிய பயம் எனக்குப் புரிகிறது. "பயங்கரமாக வலிக்குமாமே" என்று கேட்பார்கள். பலர் நினைவில் வைத்திருப்பது சிகிச்சைக்கு முந்தைய ராத்திரிகளின் வலியை. செய்வது இதுதான்: மரத்துப்போக ஊசி போட்டு, பல்லின் மேல் சிறிய துளையிட்டு, கெட்ட நரம்பை எடுத்து, வேரின் உள்குழாயை மெல்லிய கருவிகளாலும் கிருமிநாசினியாலும் சுத்தம் செய்து, கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளால் நிரப்பி மூடுவோம். ஒன்று முதல் மூன்று தடவை வர வேண்டியிருக்கும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கடுமையான வலியோடு வரும் கீழ்க் கடைவாய்ப்பல்லில் முதல் ஊசி முழுதாகப் பிடிக்காமல் போவது உண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள், கையைத் தூக்குங்கள். வேறு இடத்தில் இன்னொரு ஊசி போட்டால் பெரும்பாலும் பிடித்துவிடும். முடிந்தபின் சில நாள் கடிக்கும்போது லேசாக வலிப்பது இயல்பு. கடைவாய்ப்பல் என்றால் அதன்மேல் கேப் (பல்லை மூடும் உறை) போடுவதைத் தள்ளிப்போடாதீர்கள். உள்ளே குடையப்பட்ட பல் கடிக்கும் வேகத்தில் பிளந்துவிடலாம். பிளவு வேர்வரை போனால் செய்த சிகிச்சை எல்லாம் வீண்.

குழந்தைகளின் பால் பல்லுக்கும் நரம்பு சிகிச்சை உண்டு. "விழப்போகிற பல்தானே" என்பார்கள். பால் கடைவாய்ப்பற்கள் 10 முதல் 12 வயதுவரை இருக்க வேண்டியவை. முன்கூட்டியே போனால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்து, நிரந்தரப் பல் முளைக்க இடமில்லாமல் போகும்.

அப்படி வலித்த பல், தானாகச் சரியாகிவிட்டது

இந்த ஒரு பகுதியை மட்டுமாவது மறக்காதீர்கள். ஒரு வாரம் உயிரை எடுத்த வலி ஒருநாள் திடீரென நின்றுபோனால், நரம்பு செத்துவிட்டது. மணி அடிப்பது நின்றது, தீ அணையவில்லை. கிருமிகள் வேரின் நுனி வழியாக எலும்புக்குள் இறங்குகின்றன. எக்ஸ்ரே எடுத்தால் வேர் நுனியில் கருப்பு நிழலாகத் தெரியும். மாதக்கணக்கில் எந்த வலியும் இருக்காது. பிறகு ஈறில் சின்னப் பரு மாதிரி வரும், உடையும், மறுபடி வரும். சீழ் வடிய வழி கிடைத்துவிட்டதால்தான் வலிக்கவில்லை. அந்த வழி அடைபட்டால், முதலில் சொன்ன வீக்கம் வரும். அதனால் வலி நின்ற வாரத்திலேயே வாருங்கள். அந்த நேரத்தில் வேர் சிகிச்சை செய்வது எங்களுக்கும் சுலபம், உங்களுக்கும் சுலபம்.

கடித்தால் மட்டும் வலிக்கிறது

புது ஃபில்லிங்கோ கேப்போ போட்ட பிறகு கடித்தால் வலிக்கிறதா? அது இம்மி உயரமாக இருக்கலாம். மரத்துப்போன வாயால் சரியாகக் கடித்துக் காட்ட முடியாததால் இப்படி நேர்வதுண்டு. இரண்டு நாளில் போகவில்லையென்றால் திரும்பப் போய்ச் சொல்லுங்கள். வண்ணத்தாளைக் கடிக்க வைத்து, கறை பட்ட இடத்தைத் தேய்த்துவிடுவார்கள். ஐந்து நிமிட வேலை. "போகப் போகச் சரியாகும்" என்று விட்டால் பல்லின் வேரைச் சுற்றியுள்ள நார்கள் இடிபட்டுப் புண்ணாகும்.

கடிக்கும்போதைவிடக் கடித்ததை விடும்போது சுரீரென்றால் பல்லில் வெடிப்பு இருக்கலாம். இது எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, ஒவ்வொரு மேட்டாகக் கடிக்க வைத்துத்தான் கண்டுபிடிப்போம். சீக்கிரம் வந்தால் கேப் போட்டு இறுக்கிக் காப்பாற்றலாம். பல் உயர்ந்துவிட்டது போலத் தோன்றி, நாக்கு பட்டாலே வலித்தால் வேர் நுனியில் சீழ். சளி பிடித்திருக்கும்போது மேல் கடைவாய்ப்பற்கள் மொத்தமாக வலித்து, குனிந்தால் வலி ஏறினால் சைனஸ். காலையில் எழும்போதே தாடை களைத்திருந்தால் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறீர்கள், இரவில் மாட்டும் காப்புத் தட்டு உதவும்.

கடைசிப் பல்லுக்குப் பின்னால் சதை வீங்கி வலித்தால் ஞானப்பல். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள், சதைக்கு அடியில் சிக்கியதைச் சுத்தம் செய்யக் காட்டுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் எடுத்துவிடுவது நல்லது. தொல்லை தராமல் நேராக முளைத்த ஞானப்பல்லை எடுக்கத் தேவையில்லை.

பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம்

ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். தேய்க்காமல் விட்டதால்தான் ரத்தமே வருகிறது. பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் படியும் கிருமிப் படலம் ஈறை அழற்சியாக்கும், வீங்கிய ஈறு தொட்டாலே கசியும். மென்மையான ப்ரஷ்ஷை அந்த ஓரத்தில் சாய்த்து வைத்து மெதுவாக அசைத்துத் தேய்த்தால், இடுக்குகளைப் பல் நூலாலோ இடுக்கு ப்ரஷ்ஷாலோ சுத்தம் செய்தால், ஓரிரு வாரத்தில் ரத்தம் குறைய வேண்டும்.

குறையவில்லையென்றால் படலம் கெட்டியாகிக் காரையாகிவிட்டது. அதை ப்ரஷ் எடுக்காது, கிளீனிங் செய்துதான் எடுக்க வேண்டும். "கிளீனிங் செய்தால் பல் ஆட்டம் காணும், இடைவெளி விழும்" என்ற நம்பிக்கையால் எத்தனை பேர் நல்ல பற்களை இழந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மனசு ஆறாது. எலும்பு ஏற்கெனவே கரைந்திருந்தது, வீங்கிய ஈறும் காரையும் அந்த இடைவெளியை நிரப்பி மறைத்திருந்தன. எடுத்தபின் உண்மை தெரிகிறது, அவ்வளவுதான். காரையை அப்படியே விட்டிருந்தால் எலும்பு மேலும் கரைந்து பல் தானாக ஆடும்.

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை மெல்லிய அளவுகோல் விட்டு அளப்பார்கள். 3 மி.மீ. வரை இயல்பு. அதைத் தாண்டி ஆழமானால் வேரின் மேற்பரப்புவரை சுத்தம் செய்ய வேண்டிவரும். சர்க்கரை நோயும் ஈறு நோயும் ஒன்றையொன்று மோசமாக்கும், சர்க்கரை கட்டுக்குள் வராதவர்கள் ஈறையும் காட்ட வேண்டும். கர்ப்ப காலத்தில் ஈறு சுலபமாகக் கசியும், அப்போதும் கிளீனிங் செய்யலாம். புகைப்பவர்களுக்கு ரத்தம் வருவது குறைவு. ஈறு நன்றாக இருக்கிறது என்று அதற்குப் பொருளில்லை, புகை அறிகுறியை மறைக்கிறது. தீராத வாய் நாற்றத்துக்கும் பெரும்பாலும் காரணம் இந்த ஈறும், நாக்கின் பின்பகுதியில் படியும் வெள்ளைப் படிவும்தான். நாக்கை வழிக்காமல் வாய் கழுவும் திரவத்தை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

வாய்ப்புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால், தேய்த்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு தெரிந்தால், வலிக்காவிட்டாலும் காட்டுங்கள். புகையிலை, பாக்குப் பழக்கம் உள்ளவர்கள் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. வாய்ப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

அடிபட்டுப் பல் விழுந்துவிட்டது, கேப் கழன்றுவிட்டது

நிரந்தரப் பல் முழுதாக விழுந்தால் நிமிடங்கள் முக்கியம். மேல்பகுதியைப் பிடித்து எடுங்கள், வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். அழுக்கு இருந்தால் பாலிலோ தண்ணீரிலோ ஒருமுறை அலசி, அதே குழியில் திரும்பப் பொருத்தி, துணியைக் கடித்துக்கொண்டு கிளம்புங்கள். பொருத்த முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துவாருங்கள். தண்ணீரில் ஊற வைத்தால் வேரின் மேலுள்ள உயிரணுக்கள் இறந்துவிடும். பால் பல்லைத் திரும்ப வைக்கக் கூடாது, அடியில் உருவாகும் பல் கெட்டுவிடும்.

கேப் கழன்றால் பத்திரமாக எடுத்து வையுங்கள், பல சமயம் அதையே திரும்ப ஒட்டலாம். வீட்டில் இருக்கும் பசையால் ஒட்டாதீர்கள்.

பல் பிடுங்கிய மூன்றாம் நாள் வலி குறையாமல் காதுவரை ஏறி, வாயில் துர்நாற்றம் வந்தால் குழியிலிருந்த ரத்தக்கட்டி போய்விட்டது. புகைத்தாலும், முதல் நாளே பலமாகக் கொப்பளித்தாலும் இது வரும். மருத்துவரிடம் போனால் குழியைக் கழுவி மருந்து வைப்பார்கள், சீக்கிரமே வலி இறங்கும்.

பல் மஞ்சளாக இருக்கிறது, வெள்ளையாக வேண்டும்

மேலே படிந்த கறையென்றால் கிளீனிங், பாலிஷ் போதும். அதன்பிறகும் இருக்கும் மஞ்சள் பல்லின் சொந்த நிறம். பெராக்சைடு கொண்டு வெளுக்கலாம், சில நாள் கூசும். சொத்தையும் ஈறு நோயும் இருந்தால் முதலில் அவற்றைச் சரிசெய்ய வேண்டும். ஃபில்லிங்கும் கேப்பும் வெளுக்காது, அதனால் முன்பல்லில் அவை இருப்பவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கரித்தூளும் எலுமிச்சையும் வேண்டாம். எனாமல் தேயத் தேய அடியிலுள்ள டென்டினின் மஞ்சள்தான் இன்னும் தெரியும். ஒரே ஒரு முன்பல் கருத்திருந்தால் எப்போதோ பட்ட அடியால் நரம்பு செத்திருக்கலாம். எக்ஸ்ரே பார்த்து, வேர் சிகிச்சை முடித்து, பல்லுக்குள்ளிருந்தே வெளுக்க முடியும்.

பல்லின் முன்புறம் ஒட்டும் மெல்லிய ஓடான வெனீர் கேட்டு வரும் இளைஞர்களிடம் நான் சற்று நேரம் எடுத்துப் பேசுவேன். பீங்கான் வெனீருக்குப் பெரும்பாலும் எனாமலைச் சீவ வேண்டும், சீவிய எனாமல் திரும்ப வளராது. சின்ன உடைசலும் இடைவெளியும் என்றால் பல் நிற ஃபில்லிங் பொருளை ஒட்டியே சரிசெய்யலாம். கோணல் என்றால் கம்பி போட்டு நகர்த்துவதே பல்லுக்கு நல்லது, காலம் பிடித்தாலும்.

பல் இல்லாத இடத்தை என்ன செய்வது

விட்டால் பக்கத்துப் பற்கள் சாயும், எதிர்ப்பல் இறங்கும். பக்கத்துப் பற்களைத் தாங்கலாகக் கொண்டு செயற்கைப் பல் வைக்கும் பிரிட்ஜ் போட்டால் இருபுறமும் உள்ள பற்களைச் செதுக்க வேண்டும். தாடை எலும்பில் டைட்டானியம் திருகைப் பதித்து அதன்மேல் பல் வைக்கும் இம்பிளான்ட்டில் அவற்றைத் தொட வேண்டியதில்லை. டைட்டானியம் எலும்போடு பிணைந்துகொள்ளும் என்று கண்டறிந்த சுவீடன் மருத்துவர் பெர்-இங்வார் பிரானமார்க் 1965இல் முதல் நோயாளிக்கு அதைப் பொருத்தினார். பிணைய மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம், புகைப்பவர்களுக்குத் தோற்கும் வாய்ப்பு அதிகம். பல்செட் போட்டிருந்தால் இரவில் கழற்றி வையுங்கள், ஈறு மூச்சு விடட்டும்.

எந்தத் தொல்லையும் இல்லை

இங்குதான் செலவும் குறைவு, ஊசியும் இல்லை. இரவு படுக்கும் முன் ஒருமுறை, பகலில் ஒருமுறை, இரண்டு நிமிடம். ஃபுளோரைடு 1000 முதல் 1500 பிபிஎம் உள்ள பற்பசை. தேய்த்தபின் துப்புங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள், ஃபுளோரைடு பல்லிலேயே தங்கட்டும். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயதுவரை பட்டாணி அளவு பற்பசை போதும்.

வீட்டில் ஆறு வயதுக் குழந்தை இருந்தால் இன்றைக்கே டார்ச் அடித்துக் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் பாருங்கள். எந்தப் பல்லும் விழாமலே அங்கே ஒரு பெரிய பல் முளைத்திருக்கும். பெற்றோர் பலர் அதையும் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது வாழ்நாள் முழுதும் இருக்க வேண்டிய பல். அதன் மேல் பள்ளங்கள் ஆழமாக இருந்தால் குடையாமல், ஊசி போடாமல், சில நிமிடத்தில் சீலன்ட் என்ற காப்புப் பூச்சைப் பூசி மூடிவிடலாம்.